அம்மாவுக்கு எந்தப் பை?

'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது.

மஹீன் திரும்பிப் பார்ப்பதற்குள் அம்மா தாம்பரம் ரயில் நிலைய மேம்பாலப் படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் கேமரா பை. அதன் வார் அறுந்து ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா! விழுந்துட்டியா?"

"நான் விழல. பைதான் விழப் பாத்துச்சு. புடிச்சுட்டேன்."

அம்மா அவசரமாக ஜிப்பைத் திறந்தார். லென்ஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் தன் முழங்கால் சிராய்த்திருப்பதையே கவனித்தார்.

மஹீனின் அம்மா பரிதா ஒரு புகைப்படக்காரர். பெண்கள் பகுதியில் படம் எடுக்கப் பெண்தான் வேண்டும் என்று கேட்கும் கல்யாண வீட்டுக்காரர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அம்மாவுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. கொஞ்சம் ரயில், கொஞ்சம் பஸ், மீதியெல்லாம் நடை.

அன்று மாலை அம்மா தோளில் தைலம் தேய்ப்பதை மஹீன் பார்த்தாள். வலது தோளில் சிவப்பாக ஒரு கோடு ஓடியது.

"வலிக்குதாம்மா?"

"பழகிடுச்சு."

அந்தப் பதில் மஹீனுக்குப் பிடிக்கவில்லை.

"அடுத்த ஞாயிறு பல்லாவரத்துல கைனாத்துன்னு ஒரு பொண்ணுக்குக் கல்யாணம்," என்றார் அம்மா. "பொண்ணு வீட்டுச் சந்துல ஆட்டோகூட நுழையாது. வீட்டுக்கும் மண்டபத்துக்கும் நாள் பூரா நடக்கணும். அதுக்குள்ள ஒரு பை வாங்கணும். ஆல்பம் வேலை வேற கிடக்கு. எங்க போய்த் தேடுறது?"

"நான் பாத்துச் சொல்றேன். எனக்குக் காலாண்டு லீவுதானே!"

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லாப் பாத்துச் சொல்லணும். மறுபடியும் ஸ்ட்ராப் அறுந்தா, லென்ஸ் போயிடும். லென்ஸ் போனா எனக்கு வேலை போயிடும்."

"சரிம்மா."

பைதானே, இதில் என்ன இருக்கிறது என்று மஹீன் நினைத்தாள். புது நோட்டு ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் 'பை' என்று பெரிதாக எழுதி அடிக்கோடிட்டாள்.

முதலில் அத்தாவின், அதாவது அப்பாவின், போனில் ஒரு வீடியோ பார்த்தாள். பெரிய மீசை வைத்த ஒருவர், "கேமராவைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்களுக்கு முதுகில் மாட்டும் பைதான் ஒரே வழி!" என்றார். மஹீன் 'முதுகுப் பை' என்று எழுதினாள். வேலை முடிந்தது!

அடுத்த வீடியோ தானாகவே ஓட ஆரம்பித்தது. "முதுகுப் பை வாங்கி ஏமாறாதீர்கள்!" என்றார் ஒருவர். மஹீன் உற்றுப் பார்த்தாள். அதே ஆள்தான். மீசை மட்டும் இல்லை.

அவள் 'முதுகுப் பை'யை அடித்தாள்.

மாடி வீட்டுச் செல்வமேரி ஆன்ட்டி நர்ஸ். அவரிடம் போய்க் கேட்டாள்.

"ஒரே தோள்ல அவ்ளோ வெயிட்டைத் தொங்க விடவே கூடாதுடா. முதுகுல மாட்டுற பைதான் சரி," என்றார் ஆன்ட்டி.

அடித்ததை மறுபடியும் எழுதினாள்.

அம்மாவுக்கு ஆல்பம் அச்சிட்டுத் தரும் ஸ்டூடியோக்காரர் ஜெபகுமார் சார் அதைக் கேட்டதும் சிரித்தார். "முதுகுல மாட்டுனா, ரயில் கூட்டத்துல பின்னாடி யார் ஜிப்பைத் திறக்கிறாங்கன்னு எப்படித் தெரியும்? தோள் பைதான் பெஸ்ட். இருபது வருஷமா நான் அதைத்தான் மாட்டுறேன்." சொல்லிக்கொண்டே கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிச் சொடக்கு எடுத்தார். "கழுத்துதான் கொஞ்சம் வலிக்கும்."

அத்தா அயூப், திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் இரும்பு கடையும் லேத் இயந்திரம் ஓட்டுகிறார். அவருக்குக் குழப்பமே இல்லை.

"எதுக்குப் பை? தகரத்துல ஒரு பெட்டி செஞ்சு தரேன். அடியில நாலு சக்கரம். யானை ஏறி மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது."

"ஸ்டேஷன் படியில எப்படி அத்தா இழுக்கறது?"

அத்தா தாடியைத் தடவி யோசித்தார். "ரெண்டு பேர் தூக்கலாம்."

"அப்போ பெட்டியைத் தூக்க ஒரு ஆளையும் செஞ்சு தாங்க," என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

செவ்வாய்க்கிழமை அத்தா அவளைத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு பெரிய கடைக்கு அழைத்துப் போனார். தரையிலிருந்து கூரை வரை பைகள். மஹீனுக்குத் தலை சுற்றியது.

"இது நல்லா இருக்குமாண்ணா?"

"சூப்பரா இருக்கும்," என்றார் கடைக்காரர்.

"அது?"

"அதுவும் சூப்பர்."

"மேல தொங்குதே, அது?"

"அது செம சூப்பர். உள்ள பதினெட்டு அறை இருக்கு."

"அப்போ இதுல எதுண்ணா நல்லா இருக்காது?"

கடைக்காரர் திருதிருவென்று முழித்தார். அத்தா இருமுவதுபோல் சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார்கள். நோட்டின் முதல் பக்கம் எழுதியும் அடித்தும் எழுதியும் கறுத்துப்போயிருந்தது. கல்யாணத்துக்கு இன்னும் ஐந்தே நாள்கள். எல்லோரும் சொல்வது சரிபோலவும் இருந்தது, தப்புபோலவும் இருந்தது. மஹீனுக்கு அழுகை வரும்போலிருந்தது.

நோட்டை மூடி வைத்துவிட்டு, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தாள். அம்மா கம்ப்யூட்டர் முன்னால் ஒரு மணப்பெண்ணின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை மட்டும் தானாக வலது தோளை அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தது.

மஹீன் அந்தக் கையையே பார்த்தாள். இத்தனை பேரும் பையைப் பற்றிச் சொன்னார்கள். அம்மா அந்தப் பையோடு என்ன செய்கிறார் என்று யாருமே பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை.

"அம்மா, நாளைக்குக் குரோம்பேட்டையில உனக்கு வேலை இருக்குல்ல? நானும் வரேன்."

"எதுக்கு?"

"உன்னைப் பாக்க."

"வீட்டுல தெனமும் பாக்குற மூஞ்சிதானே இது!"

ஆனாலும் அம்மா அழைத்துப் போனார்.

அது ஒரு குழந்தைக்குப் பெயர் வைக்கும் விழா. அறுந்த வாரைச் செருப்புத் தைப்பவர் தைத்துக் கொடுத்திருந்தார். "இது ரொம்ப நாள் தாங்காதும்மா," என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்.

மஹீன் ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். அம்மா ஒவ்வொரு முறை பையைத் திறக்கும்போதும் நோட்டில் ஒரு கோடு போட்டாள். எதை எடுத்தார் என்றும் எழுதினாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தார். "சாப்பாட்டுக்கு ஆள் கணக்கு எடுக்கிறியா கண்ணு? எங்க வீட்டுல ஏழு பேரு. எழுதிக்கோ."

மஹீன் ஓரத்தில் ஏழு என்று எழுதிக்கொண்டாள். அந்தப் பெண் திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

விழா முடியும்போது நோட்டில் இருபத்தாறு கோடுகள் இருந்தன. பெரிய லென்ஸை மாற்றப் பன்னிரண்டு தடவை. லென்ஸ் துடைக்கும் துணிக்கு ஏழு தடவை. தண்ணீருக்கு ஆறு தடவை. பேட்டரிக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் பையைத் தரையில் வைத்து, குனிந்து, திறந்து, மூடி, தூக்கி மாட்டினார். ஒரு தடவை அம்மா குனிந்து நிமிர்வதற்குள் குழந்தை சிரித்து முடித்துவிட்டது.

"ச்சே!" என்று அம்மா முணுமுணுத்ததை மஹீன் மட்டும்தான் கேட்டாள்.

திரும்பும்போது அவள் வேண்டுமென்றே அம்மாவுக்குப் பின்னால் நடந்தாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. துப்பட்டாவின் மேல் வார் வழுக்கிக்கொண்டே இருந்தது. அது விழாமல் இருக்க, அம்மா வலது தோளைத் தூக்கியபடியே நடந்தார். ரயிலில் நின்றபோதும் தோள் இறங்கவே இல்லை.

மஹீனும் தன் தோளைத் தூக்கி வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தாள். அறுபது வரைகூட முடியவில்லை. கழுத்து இழுத்தது.

"அம்மா, நீ ஏன் ஒரு தோளைத் தூக்கிட்டே நடக்கிற?"

"நானா? இல்லையே!" என்றார் அம்மா, தோளைத் தூக்கியபடி.

வீட்டுக்குப் போகிற வழியில் மளிகைக் கடைத் தராசில் பையை வைத்தார்கள். எட்டு கிலோ இருநூறு கிராம். அம்மாவே குனிந்து இன்னொரு தடவை எண்ணைப் பார்த்தார்.

வீட்டில் பாயை விரித்து, பையிலிருந்த எல்லாவற்றையும் மஹீன் பரப்பினாள். கேமரா, இரண்டு லென்ஸ், பிளாஷ், இன்னொரு பிளாஷ், மூன்று கால் ஸ்டாண்டு, நான்கு சார்ஜர், ஒரு குடை, எப்போதோ வைத்த பிஸ்கட் பொட்டலம். அடியில் துணியில் சுற்றி இன்னொரு பழைய கேமரா.

"இன்னிக்கு இந்த ஸ்டாண்டை நீ எடுக்கவே இல்லை. இந்தப் பிளாஷையும் எடுக்கல. இந்தக் கேமரா வேலை செய்யுமா?"

"செய்யாது. கெட்டுப்போய் ரெண்டு வருஷம் ஆச்சு."

"அப்புறம் ஏம்மா தூக்கிட்டுப் போற?"

அம்மா அந்தப் பழைய கேமராவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"நான் படம் எடுத்த முதல் கல்யாணம். பொண்ணு கழுத்துல கருகமணி கட்டுற நேரம். எல்லாரும் என்னைத்தான் பாக்குறாங்க. இது அப்படியே நின்னுபோச்சு. ஒரு படம்கூட வரல. அந்தப் பொண்ணு அழுதுட்டா, மஹீன். அதுலேர்ந்து எதையும் வீட்டுல வச்சுட்டுப் போக மனசு வராது. எல்லாம் கூட இருந்தா ஒரு தைரியம்."

மஹீனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்துகொண்டாள்.

"அன்னிக்கு ஏம்மா நின்னுச்சு?"

"பேட்டரி தீந்துபோச்சு. வேற பேட்டரி கொண்டுபோகல."

"இப்போ எத்தனை வச்சிருக்க?"

அம்மா தேடினார். நான்கு சார்ஜர் இருந்தன. மாற்றுப் பேட்டரி ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்போ இன்னும் ரெண்டு பேட்டரி வாங்கலாம். மொத்தம் மூணு ஆயிடும். மூணும் சேந்தாலும் இந்தப் பிஸ்கட் பொட்டலம் அளவுதான் இருக்கும்," என்றாள் மஹீன். "ஸ்டாண்டு வேணும்னு யாராவது கேட்டா, அன்னிக்கு நான் தூக்கிட்டு வரேன். பழைய கேமரா என் அலமாரியில இருக்கட்டும். தூசி படாம பாத்துக்கறேன்."

அம்மா பழைய கேமராவைத் துணியோடு அவளிடம் நீட்டினார்.

மறுபடியும் தராசு. இந்தத் தடவை மூன்று கிலோதான்!

மஹீன் நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினாள். துப்பட்டாவில் வழுக்கக் கூடாது. தரையில் வைக்காமல் திறக்க வேண்டும். இந்த இரண்டை மட்டும் எழுதினாள். ஆனால் அப்படி ஒரு பை இருக்கிறதா? அது மட்டும் இன்னும் குழப்பமாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அம்மாவும் மஹீனும் பல்லாவரம் சந்தைக்குப் போனார்கள். பழைய மின்விசிறி, செடி, சட்டை, மீன் தொட்டி என்று எல்லாம் கிடைக்கும் இடம். நேற்று பெய்த மழையில் தரை சேறாகக் கிடந்தது. ஒரு தார்ப்பாயின் மேல் பைகளை மலைபோலக் குவித்து வைத்திருந்தார் துளசிங்கம் என்ற வியாபாரி.

சந்தைக் கூட்டத்தில் கேமராவை வெளியே எடுக்க அம்மாவுக்குப் பயம். அதனால் மஹீன் ஒரு கட்டைப் பை நிறைய வேறு சாமான்களைக் கொண்டுவந்திருந்தாள். கேமரா அளவுக்கு அத்தாவின் டிபன் பாக்ஸ். லென்ஸ் அளவுக்கு இரண்டு தண்ணீர் பாட்டில். எடைக்கு ஒரு கிலோ அரிசி. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

துளசிங்கம் கண்களை அகல விரித்தார். "இன்னா பாப்பா, பை வாங்க வந்துக்கிறியா, குடித்தனம் வந்துக்கிறியா?"

"ரெண்டு நிமிஷம்ணா. மாட்டி நடந்து பாத்துட்டுச் சொல்றோம்."

"நடந்து பாக்க இது இன்னா செருப்பா?" என்றார். ஆனாலும் தடுக்கவில்லை.

முதலில் ஒரு தோள் பை. அம்மா செடி விற்கும் இடம் வரை நடந்து திரும்பினார். வழியில் நான்கு தடவை வார் வழுக்கியது.

"இதோ, தோள் தூக்கிட்ட!" என்று மஹீன் கத்தினாள்.

அடுத்து ஒரு முதுகுப் பை. அம்மா நிமிர்ந்து நடந்தார். முகமே மாறியது. ஆனால் திறக்க வேண்டும் என்றால் கழற்றிச் சேற்றில்தான் வைக்க வேண்டும். இடுப்பில் கட்டும் பையில் டிபன் பாக்ஸ் நுழையவே இல்லை. துளசிங்கம் தானும் ஒரு கை பிடித்து அழுத்தினார். டிபன் பாக்ஸ் பாதியில் சிக்கிக்கொண்டு, வெளியே எடுப்பதற்கு மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

ஆறு பை பார்த்தாயிற்று. மஹீனுக்கு மறுபடியும் தலை சுற்றியது. அப்போது குவியலின் அடியில் ஏதோ பளிச்சென்று தெரிந்தது. இழுத்தாள். சின்னதாக ஒரு முதுகுப் பை. கிளிப்பச்சை நிறம்.

"அது வோணாம் பாப்பா," என்றார் துளசிங்கம். "ரெண்டு வாரமா அப்டியே கெடக்குது. ஜிப்பை கொண்டாந்து சைடுல வச்சிக்கிறான். எவனும் எட்த்துக்கல."

மஹீன் பையைத் திருப்பிப் பார்த்தாள். உண்மைதான். ஜிப் மேலே இல்லை. வலது பக்கம் இருந்தது. இரண்டு வார்களையும் மார்புக்கு நேராக இணைக்க ஒரு குட்டிப் பட்டையும் இருந்தது.

சாமான்களை அடுக்கி, தானே மாட்டிப் பார்த்தாள். இடது கையை வாரிலிருந்து விடுவித்தாள். பை வலது தோளில் தொங்கியபடியே சுழன்று வயிற்றுக்கு முன்னால் வந்தது. பக்கத்தில் இருந்த ஜிப் இப்போது மேலே இருந்தது! திறந்தாள். ஜன்னல் திறந்ததுபோல உள்ளே டிபன் பாக்ஸ் தெரிந்தது.

"அம்மா! தரையில வைக்கவே வேணாம்! பாரு!"

அம்மா மாட்டினார். மார்புப் பட்டையைப் போட்டதும் வார்கள் துப்பட்டாவில் அசையாமல் நின்றன. செடிக் கடை வரை நடந்தார். அங்கே நின்றபடியே பட்டையைக் கழற்றிப் பையைச் சுழற்றினார், தண்ணீர் பாட்டிலை எடுத்தார், ஒரு வாய் குடித்தார், வைத்தார், மறுபடியும் சுழற்றினார். திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டே வந்தார்.

"எல்லாம் சரி. ஆனா இந்தக் கலர்! கல்யாண வீட்டுல என்ன சொல்வாங்க?"

"கூட்டத்துல பொண்ணைக்கூடத் தேட வேண்டியிருக்கும். உன் பையைத் தேட வேணாம்," என்றாள் மஹீன்.

துளசிங்கம் வாய்விட்டுச் சிரித்தார். "பாப்பா சொல்றது கரெக்டா கீதுக்கா!"

வாங்கி வந்த பைக்குள் மெத்தென்று எதுவும் இல்லை. பட்டறைக்கு வரும் இயந்திரங்களைப் பொதிந்திருக்கும் தடிமனான ஸ்பாஞ்சை அத்தா கொண்டுவந்தார். சனிக்கிழமை மாலை மஹீன் அளந்து சொல்ல, அவர் வெட்டி ஒட்டினார். கேமராவுக்கு ஓர் இடம், லென்ஸுக்கு ஓர் இடம், ஓரத்தில், புதிதாக வாங்கிய இரண்டையும் சேர்த்து மூன்று பேட்டரிக்கு ஒரு சின்ன அறை.

"நாலு சக்கரமும் வச்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்," என்றார் அத்தா.

ஞாயிற்றுக்கிழமை. பல்லாவரத்தில் கைனாத்தின் வீட்டுச் சந்து முழுக்க மழைத் தண்ணீர். கைனாத் வாசலுக்கு வந்து நின்றாள். பளபளக்கும் சிவப்பு உடை. கீழே ஒரு குட்டை.

"ஐயோ, எப்படித் தாண்டுறது?" என்றாள்.

தோழிகள் ஆளுக்கொரு பக்கம் உடையைத் தூக்கிப் பிடித்தார்கள். கைனாத் மூன்று வயதுக் குழந்தைபோலக் கண்ணை மூடிக்கொண்டு குதித்தாள். ஒரு செருப்பு பறந்துபோய்ப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்க் குடத்தில் விழுந்தது. சந்தே சிரித்தது.

அம்மா அதற்குள் பையை முன்னால் சுழற்றி, லென்ஸை மாற்றி, குதித்த கணத்தையும் செருப்பு பறந்த கணத்தையும் பிடித்துவிட்டார். மஹீன் நோட்டு கொண்டுவரவில்லை. கொண்டுவந்திருந்தாலும் கோடு போட நேரம் இருந்திருக்காது.

மண்டபத்தில் கருகமணி கட்டும் நேரம் வந்தது. அம்மாவின் கை பையின் பக்கவாட்டில், பேட்டரி அறை இருந்த இடத்தில் ஒரு முறை போய்த் தொட்டுப் பார்த்தது. பிறகு கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனது. கிளிக், கிளிக், கிளிக்.

எல்லாம் முடிந்து பிரியாணி சாப்பிட்டுக் கிளம்பும்போது, கைனாத்தின் அம்மா வாசல் வரை வந்தார். "ஸ்டேஷனுக்கு ஆட்டோ சொல்லட்டுமா பரிதா? காலையிலேர்ந்து நடந்துகிட்டே இருக்கியே."

"வேணாம்க்கா. நடந்தே போயிடுறோம்."

அம்மா நடக்க ஆரம்பித்தார். இரண்டு தோள்களும் ஒரே உயரத்தில் இருந்தன. கைகள் வீசி வீசி ஆடின. கிளிப்பச்சைப் பை கூட்டத்துக்கு நடுவே முன்னால் போய்க்கொண்டே இருந்தது.

இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டிருந்த மஹீன் மூச்சு வாங்க, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"அம்மா! கொஞ்சம் மெதுவாப் போம்மா!"